மாப்பிள்ளை ஜெல்

அந்த ஆய்வுக்கூடத்தில் இரண்டு விதமான ஜெல் உண்டு. ஒன்றுக்குப் பெயர் மாப்பிள்ளை, இன்னொன்றுக்குப் பெயர் கழுதை. பெயர் வைத்தது யார் என்று கேட்டால் ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைக் கைகாட்டுவார்கள். ஆனால் பெயர்ப் பொருத்தத்தில் யாராலும் குறை சொல்ல முடியாது.

மாப்பிள்ளை பார்க்க லட்சணமாக இருக்கும். கண்ணாடி போலத் தெளிவு, தொட்டால் வழுவழுப்பு. சிவப்புச் சாயம் போட்டு ஒரு வட்டு, நீலச் சாயம் போட்டு ஒரு வட்டு. இரண்டையும் நடுவில் வெட்டி, சிவப்பில் பாதியையும் நீலத்தில் பாதியையும் ஒட்டினாற்போல் வைத்துவிட்டு விருந்தாளிகளுக்குத் தேநீர் கொடுத்தால் போதும். அவர்கள் குடித்து முடிப்பதற்குள் இரண்டு பாதியும் ஒன்றாகியிருக்கும். ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் மறுமுனையும் கூடவே வரும். பசையும் இல்லை, சூடும் இல்லை. உள்ளே கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் இருக்கின்றன. அறுந்த இடத்தில் அவை மறுபடி ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். கைதட்டலுக்குப் பஞ்சமே இருக்காது. மற்றபடி மாப்பிள்ளைக்கு ஒரு வேலையும் கிடையாது. எலும்புக்குள் வைத்தால் சீக்கிரமே கரைந்துபோய்விடும். மரியாதை மட்டும் தடபுடலாக நடக்கும்.

வேலை செய்வது கழுதை. சாம்பல் நிறம், கலங்கல், கையில் எடுத்தால் நனைந்த சுண்ணாம்பு மாதிரி இருக்கும். எலும்பில் இருக்கிற தாதுவையே பொடியாக்கி அதில் கலந்திருக்கிறார்கள். ஊசி வழியாகப் போகும்போது அது உடையும். எலும்பின் ஓட்டைக்குள் போய்ச் சேர்ந்ததும் மெல்ல மெல்லத் தன்னைத்தானே ஒட்டிக்கொண்டு அந்த ஓட்டையின் வடிவத்துக்கு நிறைந்து நிற்கும். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது போல. அதைப் பிடித்துக்கொண்டு எலும்பு வளர்ந்து வரவேண்டும். முயல்களில் சில தடவை வந்தது, சில தடவை வரவில்லை. வெளியே எடுத்து வெட்டிக் காட்டினால், ஒட்டுவதற்குள் வந்தவர் வீடு போய்ச் சேர்ந்து தூங்கியே எழுந்துவிடுவார். அதனால் கழுதையை யாரும் மேடை ஏற்றுவதில்லை.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை என்பது கூடத்தின் கொள்கை. தத்துவம் ஒன்று, சேர்மானம்தான் வேறு. புதிதாக வேலைக்குச் சேருகிறவரின் உள்ளங்கையில் தலைவர் முதல் நாளே கழுதையை வைத்துவிடுவார். "விருந்தாளிக்குத்தான் மாப்பிள்ளை. வீட்டு ஆளுக்குக் கழுதை. நீ இனிமே வீட்டு ஆள்," என்பார். வந்தவர் முகம் சுளித்துக்கொண்டே சிரிப்பார். எல்லோரும் அப்படிச் சிரித்தவர்கள்தான்.

பாப்பாவும் ஒரு காலத்தில் அப்படிச் சிரித்தவள். பாப்பா என்றதும் இரட்டைச் சடையைக் கற்பனை செய்ய வேண்டாம். முப்பதைத் தாண்டியவள், ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவள், பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்கிறவள். பாப்பா என்பது தாய்மாமன் வைத்த பெயர், அது அப்படியே நிலைத்துவிட்டது. டாக்டர் பட்டத்துக்கு வீட்டில் கிடைத்த மரியாதை வேறு. "ஊசி போடாத டாக்டர்" என்பாள் அத்தை. யாருக்காவது தும்மல் வந்தால், "நம்ம வீட்டு டாக்டரைக் கேட்காதீங்க, உள்ள தும்மலும் போயிடும்," என்பாள். பாப்பாவும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துவிட்டுச் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடிப்பாள்.

மாமா மட்டும் கேலி செய்யமாட்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக். மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்து எடுத்து, எதற்கும் பதறாத ஒரு நிதானம் அவருக்கு வந்திருந்தது. பாப்பாவைப் படிக்கவைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அதை அவர் ஒருநாளும் வாயெடுத்துச் சொன்னதில்லை. அப்படிப்பட்டவர் ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழியில் ஏணி சறுக்கி விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டானது. தகடு வைத்துத் திருகாணி போட்டு அனுப்பினார்கள். தையல் பிரித்தார்கள், வீக்கம் வடிந்தது, எலும்பு மட்டும் ஒட்டுவேனா என்றது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாப்பா மாமா வீட்டுக்குச் சாப்பிடப் போனாள். மாமா காலை முக்காலி மேல் நீட்டியிருந்தார். அத்தை வழக்கம்போல ஆரம்பித்தாள்.

"எலும்பு ஆராய்ச்சி பண்றாளாம். கண்ணு முன்னாடி ஒரு எலும்பு ஒட்டாம கிடக்கு. இதுக்கு ஒரு வழி சொல்லச் சொல்லுங்க பாப்போம்."

மாமா, "சும்மா இரு. பாப்பா, நீ என்ன பண்றேன்னு எனக்கும் ஒருநாள் காட்டேன்," என்றார்.

பாப்பாவின் பையில் மாப்பிள்ளை இருந்தது. மறுநாள் ஒரு பள்ளிக்கூடத்தில் காட்டுவதற்காக எடுத்து வைத்திருந்தாள். கழுதையும் கேட்டால் கிடைத்திருக்கும். அடுத்த வாரம் கொண்டுவந்து பொறுமையாக விளக்கியிருக்கலாம். ஆனால் அத்தையின் வாயை அடைக்க அவளுக்கு அந்த நிமிடமே ஏதாவது வேண்டியிருந்தது. காய் நறுக்கும் கத்தியை வாங்கினாள், வெட்டினாள், சிவப்பையும் நீலத்தையும் சேர்த்து வைத்தாள். சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும் தூக்கிக் காட்டினாள். அதோடு விட்டாளா? வாசல் கதவின் பூட்டை அதில் மாட்டித் தொங்கவிட்டாள். பூட்டு ஆடியது, ஜெல் அறுந்துபோகவில்லை.

அத்தைக்குப் பேச்சு நின்றுபோனது. மாமா சின்னப் பிள்ளை மாதிரி அதை வாங்கி இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"இது எலும்புக்கா பாப்பா?"

"எலும்புக்காகத்தான் மாமா பண்றோம்."

"எனக்குப் போடலாமா?"

"வந்துட்டே இருக்கு மாமா."

முதல் பதில் பொய் இல்லை. இரண்டாவதும், நீட்டி இழுத்துப் பார்த்தால் பொய் இல்லை. எத்தனையோ வருடம் கழித்து யாருக்கோ வரத்தான் போகிறது. அப்படித்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். அன்று அத்தை தன் கையால் பழம் நறுக்கிக் கொடுத்து, "சாப்பிடுங்க டாக்டர்," என்று கிண்டல் இல்லாமல் சொன்னாள். அந்தப் பழத்தின் ருசி பாப்பாவுக்கு வெகுநாள் நாக்கில் இருந்தது. பிற்பாடு அதே நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலவும் இருந்தது.

கொஞ்ச நாளில் அத்தையிடமிருந்து போன் வந்தது.

"இடுப்பு எலும்புல கொஞ்சம் வெட்டி எடுத்து, கால்ல வெச்சு மறுபடி ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. உங்க மாமா முடியாதுன்னுட்டு எழுந்து வந்துட்டாரு. எங்க பாப்பாவோட மருந்து வருது, எதுக்கு வெட்டிக்கணும்கறாரு. நீ தேதி ஏதாவது சொன்னியா?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "நான் வந்து மாமாகிட்ட பேசறேன் அத்தை," என்றாள். போனாள். மாமா வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் நின்றிருந்தார். மாமா ஊன்றுகோலில் சாய்ந்துகொண்டு, "இவதான் நான் சொன்ன டாக்டர். வெட்டினா ஒட்டிக்கும். பூட்டையே தொங்கவிட்டாளே!" என்று அறிமுகம் செய்தார். பக்கத்து வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். பாப்பாவும் கும்பிட்டாள். சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பினாள். அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அடுத்த தடவை இன்னும் கஷ்டமாக இருந்தது, அதற்கு அடுத்த தடவை அதைவிட. அப்புறம் அவள் மாமா வீட்டுக்குப் போவதையே குறைத்துக்கொண்டாள். போனில் மாமா கேட்பார். "வந்துட்டே இருக்கு," என்பாள். எலும்பு சேராத காலைத் தகடுதான் தனியாகத் தாங்கிக்கொண்டிருக்கிறது, உலோகமும் ஒருநாள் களைத்துப்போகும் என்பது தெரியாதவள் இல்லை அவள். தெரிந்துகொண்டேதான் சொன்னாள்.

தகடு உடைந்தது. ஊரெல்லாம் லிஃப்டைச் சரிசெய்கிறவர் குடியிருக்கும் கட்டடத்தில் அன்று லிஃப்ட் ஓடவில்லை. மாமா படியேறியிருக்கிறார். பாதி வழியில் காலுக்குள் 'டக்' என்று கேட்டதாம்.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரம்மா பாப்பாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். மேஜையில் பிளாஸ்டிக் முழங்கால் ஒன்று இருந்தது. திரையில் மாமாவின் கால் படம்.

"உங்க மாமா உங்களைப் பத்திச் சொல்லாத நாளே இல்ல. என்ன மருந்து அது? நானும் தெரிஞ்சுக்கறேன்," என்றாள். அதில் கிண்டல் இல்லை, அதுதான் கொடுமை.

பாப்பா சொன்னாள். டாக்டரம்மா கேட்டுக்கொண்டே வந்தாள்.

"மனுஷங்களுக்குப் போட்டுப் பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

"ஆடு, நாய்?"

"முயல் மட்டும்."

"முயல்ல எவ்வளவு பெரிய ஓட்டை?"

பாப்பா தன் சுண்டுவிரல் நகத்தைக் காட்டினாள். டாக்டரம்மா திரையைப் பார்த்தாள், பிறகு அந்த நகத்தைப் பார்த்தாள். பூமி பிளந்து தன்னை உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது பாப்பாவுக்கு.

"அவர் என்னமோ அடுத்த மாசம் வரப்போகுதுன்னு நெனச்சுட்டிருக்காரே. நீங்க சொல்லலையா?"

"இல்ல."

"சரி. இப்போ ஆபரேஷனுக்கு அவர் சம்மதிக்கணும், அதுதான் முக்கியம். மருந்துக்கு அனுமதி வரலைன்னு நான் சொல்லிடறேன். அது பொய் ஒண்ணும் இல்லையே?"

"பொய் இல்ல," என்றாள் பாப்பா. நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கினது போல இருந்தது. அப்படி இருந்ததற்காகவே அவளுக்குத் தன்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் வார்டுக்குப் போனபோது மாமா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து கோபத்தில் சிவந்திருந்தார். டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பக்கத்துக் கட்டில்காரர், எதிர்க் கட்டில்காரர், ஊசி போட வந்த நர்ஸ், எல்லோருக்கும் மாமா செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்.

"அனுமதி குடுக்கமாட்டானுங்களாம். நாற்காலியைத் தேய்க்கறவனுக்கு இதோட அருமை தெரியுமா? ராத்திரி பகல்னு பாக்காம உழைக்குது எங்க அக்கா பொண்ணு!" பாப்பாவைப் பார்த்ததும் குரல் தணிந்தது. "வா பாப்பா. நீ மனசு விட்றாதே. எனக்குப் போடலைன்னா போகுது. நான் வெட்டிக்கறேன், இடுப்புதானே, எங்க போகப்போகுது? அடுத்து வர்றவனுக்கு உன் மருந்து கிடைக்கட்டும்." சொல்லிவிட்டு அவள் தலையைத் தடவினார்.

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

ஆறுதல் சொல்லவேண்டியவள் அவள். ஆறுதல் சொல்வது காலை உடைத்துக்கொண்டு கிடக்கிறவர். பக்கத்துக் கட்டில்காரர் தன் பங்குக்கு, "நல்லவங்களுக்குக் காலம் இல்லம்மா," என்றார். பாப்பா தலை நிமிரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போதாதென்று, பூசணிக்காய்க்கு மாலை வேறு போடுகிறார்கள்.

மறுநாள் காலை ஆய்வுக்கூடத்துக்குப் போய் ஒரு டப்பாவில் கழுதையை எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அத்தை துணி மாற்றிவர வீட்டுக்குப் போயிருந்தாள். பாப்பா திரைச்சீலையை இழுத்துவிட்டாள். மாமாவின் சாப்பாட்டுத் தட்டைக் கழுவித் துடைத்து, சாம்பல் நிற வட்டை அதில் வைத்து, நடுவில் வெட்டி, இரண்டு பாதியையும் சேர்த்து வைத்தாள். மாமாவின் முகம் மலர்ந்தது.

"எனக்குக் காட்டவா கொண்டாந்தே? இது என்ன, கலர் போடலையா?"

"கொஞ்சம் இருங்க மாமா."

இருந்தார்கள். நர்ஸ் வந்து காய்ச்சல் பார்த்துவிட்டுப் போனாள். மாமா அவளிடம் தட்டைக் காட்டி, "இதுதான்," என்று கண்ணடித்தார். அப்புறம் பொறுமை போய், "இப்போ தூக்கவா?" என்றார்.

"தூக்குங்க."

தூக்கினார். பாதி கையோடு வந்தது, பாதி தட்டிலேயே கிடந்தது. மாமா அவசரமாக அதை மறுபடி வைத்து அழுத்தினார், ஏதோ தன்னால் கெட்டுவிட்டது போல.

"ஆறிப்போச்சோ? நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

"இல்ல மாமா. இது நல்லாத்தான் இருக்கு. இதுதான் எலும்புக்கு."

"அப்போ அன்னிக்கு வீட்ல காட்டினது?"

"அது வேற. அது எலும்புக்கு ஆகாது."

"வேறன்னா?"

பாப்பா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எங்க கூடத்துக்கு யாராவது வந்தா காட்டறதுக்கு அது. விருந்தாளிங்களுக்கு. இது எங்களுக்கு. இதுகூட தன்னைத்தான் ஒட்டிக்கும் மாமா, எலும்பை ஒட்டாது. எலும்பு தானா வளரணும். முயலுக்குத்தான் போட்டிருக்கோம். யாரும் எதையும் தடுக்கல. உங்களுக்கு இது வரப்போறதே இல்ல, எனக்கு அது அன்னிக்கே தெரியும். அத்தை கேலி பண்ணாங்களேன்னு காட்டினேன். அப்புறம் நீங்க எல்லார்கிட்டயும் சொன்னீங்க. எனக்குச் சொல்ல வெக்கமா இருந்தது."

மாமா கையில் இருந்த பாதியைத் தட்டில் வைத்தார். விரல்களைப் போர்வையில் துடைத்தார். நிதானமாக, ஒவ்வொரு விரலாக.

"நான் விருந்தாளியா பாப்பா?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். அவர் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கப் பார்த்தார், கால் விடவில்லை. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார்.

உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்பார்கள். அப்படிச் சொன்னவர்கள் யாரிடம் போய்ச் சொன்னார்களோ தெரியாது. பாப்பா தட்டைக் கழுவி வைத்துவிட்டு, நடைகூடத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். திரைச்சீலைக்கு அப்பால் பக்கத்துக் கட்டில்காரர், "என்ன சார், மருந்து வந்துடுச்சா?" என்று கேட்பது கேட்டது. மாமா என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை. தன்னை விட்டுக்கொடுத்திருக்க மாட்டார் என்று மட்டும் தெரிந்தது. அது இன்னும் சுட்டது.

ஆபரேஷன் நடந்தது. டாக்டரம்மா தொப்பியைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தாள்.

"இடுப்பு எலும்பு வெச்சிருக்கு, புதுத் தகடு போட்டிருக்கு. சேர்ந்துடும். ஆனா உடைஞ்ச முனை ரெண்டும் தேஞ்சு, மூடிப்போயிருந்துது. ரத்தம் வர்ற வரைக்கும் வெட்டிச் செதுக்க வேண்டியதாயிடுச்சு. ஒரு விரல் அகலம் கால் குட்டை. செருப்புல ஒரு பக்கம் அடியை உயர்த்தித் தெச்சுக்கலாம்."

"முன்னாடியே வந்திருந்தா?"

டாக்டரம்மா அவளை ஒரு கணம் பார்த்தாள். "இவ்வளவு வெட்டியிருக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இதை இன்னொருவர் பாப்பாவுக்கு விளக்க வேண்டியதில்லை. வெட்டி வெகுநேரம் பிரித்து வைத்தால் மாப்பிள்ளைகூட ஒட்டாது. பிடிக்க ஆள் இல்லாத கொக்கிகள் தங்களுக்குள்ளேயே பிடித்துக்கொண்டுவிடும். மறுபடி ஒட்டவேண்டுமானால் இரண்டு பக்கமும் புதிதாக வெட்டவேண்டும். கூடத்தில் அதற்குக் கொஞ்சம் ஜெல்தான் வீணாகும்.

அதற்கப்புறம் அவள் போகும்போதெல்லாம் மாமா, "வாங்க டாக்டரம்மா, உக்காருங்க," என்று சுவரோரம் பார்வையாளர்களுக்குப் போட்டிருந்த நாற்காலியைக் காட்டினார். முகத்தில் சிரிப்பு இருக்கும். "தண்ணி குடிக்கறீங்களா?" என்பார். அத்தை ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பாள். மாமா அவளிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. பாப்பா அந்த நாற்காலியில் உட்காரவில்லை. கட்டில் ஓரமாக நின்றாள், தண்ணீர் பிடித்து வைத்தாள், நின்றாள், போனாள்.

ஒருநாள் மத்தியானம் அத்தை இல்லை. காலைத் தரையில் ஊன்றாமல், ஆள் துணையோடு நடக்கலாம் என்று அன்றுதான் சொல்லியிருந்தார்கள். மாமா நெளிய ஆரம்பித்தார்.

"பாத்ரூம் போகணும். நர்ஸைக் கொஞ்சம் கூப்பிடுங்களேன்."

மணியை அழுத்தினாள். சாப்பாட்டு நேரம், யாரும் வரவில்லை. மறுபடி அழுத்தினாள்.

"நான் கூட்டிட்டுப் போறேன் மாமா."

"வேணாம் வேணாம். உங்களுக்கு எதுக்குச் சிரமம். நீங்க உக்காருங்க."

பாப்பா குனிந்து தோளைக் கொடுத்துவிட்டு அப்படியே நின்றாள். ரோஷத்துக்கு நேரம் காலம் உண்டு. வயிற்றுக்கு அது தெரியாது. மாமா கொஞ்சம் பார்த்தார், பெருமூச்சு விட்டார், கையை அவள் தோள்மேல் போட்டார். எழுந்தார். அவருடைய முழுக் கனமும் அவள்மேல் இறங்கியது. இவ்வளவு கனம் இருப்பார் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

நல்ல கால் தரையில் இருந்தது. மற்றக் கால் நேராகத்தான் தொங்கியது; ஆனாலும் பாதத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம் தெரிந்தது. பாப்பாவால் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. அன்றைக்கு அத்தை நறுக்கிக் கொடுத்த பழம், பூட்டு, பக்கத்து வீட்டுக்காரரின் கும்பிடு, அத்தனையும் அந்த இடைவெளிக்குள் இருந்தன. கண்ணில் நீர் முட்டி இடைவெளி கலங்கியது.

மாமாவும் குனிந்து அதைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"இனிமே தினமும் பாக்கத்தானே போறே," என்றார். "இப்போ நட பாப்பா, அவசரம்."